மெர்சிங் கடைத்தெருவும் படகுத்துறையும்

ஜொகூர் பாருவில் தான் ஹியோக் நீ சாலை என்று ஒரு பழைய வீதி உண்டு. முந்தின தலைமுறையின் கடைவீடுகளைச் செப்பனிட்டு, இளவட்டங்கள் விரும்பும் நாகரிகக் கோப்பிக் கடைகளாக அங்கே மாற்றியிருக்கிறார்கள். சமீபத்தில் பேரனோடு அத்தகைய கடையொன்றில் உட்கார்ந்திருந்தபோது, எதிர்ச்சுவரில் அலங்காரத்துக்காக மாட்டியிருந்த பழைய டாச்சிங் ஒன்று கண்ணில் பட்டது. கைபட்டுக் கைபட்டு வழவழப்பேறிய மரக்கோல், அதன்மேல் வரிசையாகப் பதித்த பித்தளைப் புள்ளிகள், ஒரு கோடியில் கொக்கி, கயிற்றில் ஊசலாடும் இரும்புக் குண்டு. "தாத்தா, இது எலெக்‌ஷன் சின்னம்தானே?" என்று கேட்டான் பேரன். தேசிய முன்னணி அந்தத் தராசைத் தன் சின்னமாகக் கொண்டது வாஸ்தவம்தான். அவன் வயதுக்கு அதன் விசேஷம் அவ்வளவே. எனக்கோ அந்தக் கோலைத் தூக்கிப் பிடித்த, செதில் ஒட்டிய ஒரு சீனரின் கையும், அதற்கப்பால் மெர்சிங் மீன் பசாரின் ஈரத் தரையும், அதற்கும் அப்பால் ஆற்றுமுகத்தில் அசையும் படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் எழுந்தன.

மெர்சிங், ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில், அதே பெயருள்ள ஆறு தென்சீனக் கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த சிறு பட்டினம். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி வழியாகப் போனால் 130 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கோத்தா திங்கிச் சாலையும், மேற்கே குளுவாங்கிலிருந்து வரும் சாலையும் ஜெமாலுவாங்கில் சந்தித்து, அங்கிருந்து ஒரே பாதையாக ஊரை நோக்கிச் செல்கின்றன. இன்று காரில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் கடற்காற்று முகத்தில் அடிக்கும். நான் சிறுவனாயிருந்த காலத்தில் இரு பக்கமும் காடு நெருக்கி நின்ற அந்தப் பாதையில் பஸ் பிரயாணம் என்பது அரைநாள் வேலை. அதுவும், 1948-இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், இருட்டிய பிறகு அவ்வழியே போக எங்கள் வட்டாரத்தில் யாரும் துணியமாட்டார்கள்.

அந்தப் பாதைதான் எங்களுக்குச் சோறு போட்டது. அப்பா பொதுப்பணி இலாகாவில் ரோட்டு மண்டோராக இருந்தார். மழையில் அரித்த ஓரங்களை மண்போட்டு மேடாக்குவதும், குழி விழுந்த இடங்களுக்குக் கல்லும் தாரும் இடுவதும், சாலையோரத்துப் புல்லை வெட்டுவதும் அவர் கீழிருந்த ஆட்களின் நித்திய கர்மம். அவர்களில் அநேகர் தமிழர். ஊர்க்கோடியில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நின்ற பி.டபிள்யூ.டி. லயத்தில் எங்கள் வாசம். லயத்துக்குப் பின்னால் ஒரு சிறு வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் தென்னைகளின் நடுவே மலாய் மீனவர்களின் கம்பம். ஆகவே காலையில் எங்கள் வீட்டுக்குத் தாளிப்பு வாசனை ஒரு பக்கமிருந்தும், பெலாச்சான் சுடும் வாசனை மற்றொரு பக்கமிருந்தும் வந்து சேரும்.

ஜாலான் அபு பக்கர் ஊரின் பிரதான வீதி. இருபுறமும் மாடி வைத்த சீனர்களின் கடைவீடுகள். கீழே வெயிலும் மழையும் படாமல் நடந்து போகும்படியான அஞ்சடி. அந்த அஞ்சடியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தக் கடைக்கு எதிரே நிற்கிறோம் என்று மூக்கே சொல்லிவிடும். கயிறும் தாரும் மண்ணெண்ணெயும் கலந்து வீசினால் படகுச் சாமான் விற்கும் தவுக்கேயின் கடை. வறுத்த கோப்பிக் கொட்டையின் மணம் வந்தால் ஹைனானியரின் கோப்பிக் கடை. மல்லியும் சீரகமும் சாம்பிராணியும் சேர்ந்து வந்தால் இராமநாதபுரத்துக் காக்காவின் மளிகைக் கடை. முடிதிருத்துபவரும் சலவைத் தொழிலாளியும் எங்கள் ஜனங்களே. இவ்வளவுக்கும் மேலாக, ஊரைப் பார்த்தபடி குன்றின்மேல் ஜாமெக் மசூதி நின்றது. கடலிலிருந்து திரும்பும் படகுக்காரர்களுக்கு அந்த மசூதி கண்ணுக்குத் தெரிந்தால் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி.

மீன் பசாருக்கு அம்மாவோடு போவது எனக்கு ஒரு திருவிழா. கெம்போங் என்று ஊரில் எல்லோரும் சொல்லும் கானாங்கெளுத்தி, தெங்கிரி என்னும் வஞ்சிரம், திருக்கை, கணவாய், நெத்திலி என்று மேடைமேல் குவித்திருப்பார்கள். அம்மாவுக்குச் சீனமும் தெரியாது, மலாயும் நான்கு வார்த்தைக்கு மேல் வராது. ஆயினும் பேரம் என்ற கலைக்கு பாஷை அவசியமில்லை என்பதை அந்த ஈரத் தரையில் நின்றுதான் நான் தெரிந்துகொண்டேன். அவள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள், இரண்டடி நகர்வாள், மீன்காரர் கூப்பிடுவார், திரும்பி வருவாள். கொக்கியில் மீனை மாட்டி, கயிற்றைப் பிடித்துக் கோலைத் தூக்கி, குண்டை விரலால் நகர்த்தும்போது அம்மாவின் பார்வை முழுவதும் கோலின் வாலிலேயே இருக்கும். வால் மேலே எழும்பினால் எடை வாங்குபவர் பக்கம். தாழ்ந்தால் விற்பவர் பக்கம். அந்நாளில் கிலோ ஏது? கட்டிக் கணக்குத்தான்; ஒரு கட்டி என்பது இன்றைய எடையில் சுமார் 605 கிராம். வால் தாழ்ந்த நாட்களில் மீன்காரர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தாமாகவே கைநிறையச் சில்லறை மீனை அள்ளிக் கொசுறாகப் போட்டுவிடுவார். ஓலை நாரைச் செவுளில் கோத்து முடிந்து கொடுத்த மீனை ஊசலாட்டியபடி வீட்டுக்குத் தூக்கி வரும் உத்தியோகம் என்னுடையது.

அதே மேடையில், கூடைகளில் மணல் ஒட்டியபடியே ஆமை முட்டைகளும் விற்கும். வெள்ளை வெளேரென்று, பிங்பாங் பந்துகள் போல, அமுக்கினால் பள்ளம் விழும் முட்டைகள். எவ்வளவு வேகவைத்தாலும் வெள்ளைக்கரு இறுகாது. அதை விற்பதிலோ வாங்குவதிலோ குற்றம் ஒன்று இருக்கக்கூடும் என்று அன்று ஒருவர்கூட நினைத்ததில்லை. கரையேறிய ஆமைகள் அரிதாகிப்போன பிறகு அவற்றைக் காப்பதற்குச் சட்டங்களும் பொரிப்பகங்களும் வந்தன. ஒரு வழக்கம் பாவம் என்று புரிவதற்குள் அந்தப் பண்டமே அருகிவிடுவது உலகத்து வாடிக்கை போலும்.

வாய்க்காலுக்கு அப்பாலிருந்த மலாய்க்காரர் ஒருவரை நாங்கள் பாக் சூ என்று அழைப்போம். அவர் மனைவி மக் சூ. எங்கள் வீட்டு முற்றத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் நின்றன; அவர்கள் வீட்டில் மீனுக்குக் குறைவில்லை. இதைவிடச் சிறந்த வியாபார ஒப்பந்தம் வேறு எந்த இரண்டு தேசங்களுக்கிடையேயும் ஏற்பட்டிருக்காது. மக் சூ ஒரு மங்குக் கிண்ணத்தில் அசாம் பெடாஸ் குழம்பை மூடிக் கொடுத்தனுப்புவாள். அம்மா அந்தக் கிண்ணத்தை ஒருபோதும் வெறுமையாகத் திருப்பமாட்டாள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது அதில் போய்ச் சேரும். தீபாவளிக்கு முறுக்கும், நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட்டும் வாய்க்காலைக் கடந்து போய் வந்தன. கறி சமைத்த பாத்திரத்தைப் பற்றிய சங்கடங்களை இரு பெண்களும் எந்தச் சாஸ்திரிகளையும் இமாமையும் கேளாமலே தீர்த்துக்கொண்டார்கள்: பலகாரத்துக்கென்று மக் சூ வீட்டுத் தட்டு ஒன்று எங்கள் அடுக்களையில் தனியாக இருந்தது.

பாக் சூவின் வீட்டுக்குக் கீழே, தூண்களுக்கிடையில், வலைகள் தொங்கும். நைலான் வருவதற்கு முன் வலைகள் பருத்தி நூலால் ஆனவை. உப்புநீரில் சீக்கிரம் உளுத்துப்போகும். ஆகவே சதுப்புநிலத்து பாக்காவ் மரத்தின் பட்டையைப் பெரிய அண்டாவில் கொதிக்கவைத்து, இரத்தச் சிவப்பாய் இறங்கும் அந்தத் துவர்ச்சாற்றில் வலையை முக்கி எடுத்து உலர்த்துவார்கள். அந்தக் கஷாய நெடி கம்பம் முழுவதும் பரவி, எங்கள் பள்ளிக்கூடச் சட்டையிலும் ஏறிக்கொள்ளும். நைலான் வந்த சில ஆண்டுகளுக்குள் அண்டா குப்புறக் கவிழ்ந்து கோழிக்கூடாயிற்று. வலை பழுதுபார்க்கும் மர ஊசியைப் பாக் சூ என் கையில் கொடுத்து முடிச்சுப் போடக் கற்றுத்தந்ததும், நான் போட்ட முடிச்சுகளை எனக்குத் தெரியாமல் அவர் அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்ததும் அந்தத் தூண்களுக்கிடையில்தான்.

படகுத்துறையைப் பற்றிச் சொல்ல ஒரு புத்தகம் வேண்டும். மெர்சிங் ஆற்றின் வாய் ஆழமற்றது. வற்றம் ஏற்பட்டால் மணல்திட்டு தலைகாட்டும். பெரிய படகு உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. ஆகையால் ஊரின் பாதி ஜனங்களுக்குக் கடிகாரம் சுவரில் இல்லை, கடலில் இருந்தது. பின்னிரவு இரண்டு மணிக்கு ஏற்றம் என்றால் இரண்டு மணிக்குப் பெண்கள் விளக்கேற்றிச் சோறு கட்டுவார்கள். நண்பகலில் ஏற்றம் என்றால் மசூதியிலும் கோப்பிக் கடையிலும் காத்திருப்பார்கள். துடுப்புப் போடும் சிறு கோலேக்குகளும் சம்பான்களும் ஒரு பக்கம். டீசல் இயந்திரம் பொருத்திய பெரிய மரப்படகுகள் மற்றொரு பக்கம். அவுர், பெமாங்கில், திங்கி, சிபு, தியோமான் என்று எதிரே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளிலிருந்து கொப்பரையும் தேங்காயும் உப்புக்கண்டமும் ஏற்றி வரும் படகுகள், திரும்பும்போது அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் கொண்டு போகும். தியோமான் பகாங் மாநிலத்தைச் சேர்ந்ததாயினும், அத்தீவுக்குப் போவோருக்கு மெர்சிங்தான் தலைவாசல். மாலையில் ஐஸ் கட்டிகளை உடைத்து, மரத்தூளில் புதைத்து, மீன்பெட்டிகளை லாரிகளில் அடுக்குவார்கள். அந்த லாரிகள் ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போய்ச் சேரும்போது அங்கே விடிந்துகொண்டிருக்கும்.

நவம்பர் பிறந்ததும் இந்த ஆரவாரமெல்லாம் அடங்கும். வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்கிக்கொண்டு வந்து கரையில் மோதும். படகுகள் ஆற்றுக்குள் வெகுதூரம் தள்ளிப்போய்க் கட்டப்படும். தீவுகளுக்குப் போக்குவரத்து நின்றுபோகும். மழை நாட்கணக்கில் விடாமல் பெய்யும். மீனவர் குடும்பங்களுக்கு அது கடன் காலம். அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு கணக்குப் புத்தகத்தில் தவுக்கே எழுதிக்கொண்டே போவார். அந்தக் கணக்கு மார்ச் மாதத்துக்குப் பிறகு மீனாகத் தீர்க்கப்படும். சிலர் அந்த மாதங்களில் பால் வெட்டப் போவார்கள். சிலர் எங்கள் அப்பாவிடம் வந்து, மழையில் அரித்த ரோட்டுக்கு மண் சுமக்கும் தினக்கூலி வேலை கேட்பார்கள். கடல் மூடினால் ரோட்டுக்கு ஆள் கிடைக்கும் என்பது அப்பாவின் அனுபவ வாக்கு.

அம்மா பிறந்தது நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரு கிராமம். முதன்முதல் மெர்சிங்கில் அந்தக் காற்று அடித்தபோது அவள் வாசலில் நின்று முகர்ந்து பார்த்துவிட்டு அப்பாவிடம், "நம்ம ஊர் வாடை இங்கேயும் வந்துட்டுது பாருங்க!" என்றாளாம். அவள் சொன்னதில் பூகோளப் பிசகு ஏதுமில்லை. சோழமண்டலக் கரைக்கு ஐப்பசி கார்த்திகையில் மழையைக் கொண்டுவருவதும், மலேசியாவின் கிழக்குக் கரையில் படகுகளைக் கட்டிப்போடுவதும் ஒரே பருவக்காற்றின் இரு கைகள்தான். அங்கேயும் கடல் கிழக்கே, இங்கேயும் கிழக்கே. 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை தமிழர்களை மலாயாவுக்கும் திரும்பவும் சுமந்து ஓடிய ரஜூலா கப்பலில், மூன்றாம் வகுப்பு மேல்தளத்தில், தகரப் பெட்டியும் பாயுமாக அப்பாவும் அவருடைய அண்ணனும் வந்து இறங்கினார்கள். குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் இருவருக்கும் முதல் வேலை. அப்பா பிறகு பொதுப்பணி இலாகாவுக்கு மாறி மெர்சிங் வந்தார்; பெரியப்பா தோட்டத்திலேயே தங்கிவிட்டார்.

யுத்தத்தைப் பற்றி அப்பா தாமாகப் பேசமாட்டார். மழை நாட்களில் நாங்கள் நச்சரித்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஜப்பானியர் மெர்சிங் கரையில் வந்து இறங்குவார்கள் என்று எதிர்பார்த்து ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் கடற்கரை நெடுகிலும் முள்கம்பி அடித்துக் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். 1942 ஜனவரியில் சத்துருவோ வடக்கே எண்டாவ் பக்கமிருந்து தரை மார்க்கமாகவே வந்து சேர்ந்தான். ஜனவரி 26-ஆம் தேதி எண்டாவில் கப்பல்களிலிருந்து மேலும் ஜப்பானியர் இறங்கினர். அதைத் தடுக்கப் போன பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் தானெட் மறுநாள் விடிவதற்குள் மூழ்கடிக்கப்பட்டது. அதே இரவு ஜெமாலுவாங்குக்கு அருகே நித்ஸ்டேல் தோட்டத்தில் ஆஸ்திரேலியர் பதுங்கியிருந்து தாக்கினர். தாம் மண்போட்டுத் தார் ஊற்றிக் காத்த பாதையில் அத்தனை பிணங்கள் கிடந்ததாகச் சொல்வதோடு அப்பா நிறுத்திக்கொள்வார்.

பெரியப்பாவைச் சயாம் ரயில் பாதை போடுவதற்குக் கொண்டுபோனார்கள். ஆயிரமாயிரம் தோட்டத் தமிழர்கள் போன வழி அது, 1943-இல் பாதை முடிந்தது, பெரியப்பா திரும்பவில்லை. எந்த நாளில், எந்த முகாமில் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆகவே அப்பா ஆடி அமாவாசையைத் தம் அண்ணனுக்குரிய நாளாக வைத்துக்கொண்டார். விடியற்காலையில் எள்ளும் தர்ப்பையும் பிண்டத்துக்கான மாவுமாகத் துறைக்கு வருவார். கரையோரத்தில் இட்டால் அலை திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்பதால், பாக் சூ தம் கோலேக்கில் அவரை ஏற்றி மணல்திட்டுக்கு அப்பால் கொண்டுபோய் விடுவார். இந்த ஊரில் இறந்த எங்கள் ஜனங்களின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்கும் கம்பத்துப் படகுகளே போயின. கூலி கேட்டவர் எவருமில்லை; அப்பா விடாப்பிடியாக ஒரு பொட்டலம் சீனியைப் படகில் வைத்துவிட்டு இறங்குவார்.

எழுபதுகளின் பிற்பகுதியில், நான் வெளியூரில் உத்தியோகத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, ஆற்றுமுகத்தில் வேற்று அமைப்பிலான படகொன்று சாய்ந்து கிடந்தது. 1975-இல் சைகோன் வீழ்ந்த பிறகு வியட்நாமிலிருந்து கடலேறியவர்கள் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த காலம் அது. எதிரேயுள்ள தெங்ஙா தீவில் அவர்களுக்கு முகாம் அமைத்திருந்தார்கள். செம்பிறைச் சங்கத்தார் சாமான் ஏற்றிய படகுகளோடு போய் வந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் ஒரே மனம் இருந்தது என்று சொல்லமாட்டேன். விலைவாசி ஏறும் என்று கடைத்தெருவில் முணுமுணுத்தவர்களும் உண்டு. அம்மா மட்டும், "கப்பலேறி வந்தவங்களைக் கப்பலேறி வந்தவங்க என்னத்தைச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

பிறகு மாற்றங்கள் வேகமாக வந்தன. 1971-இலேயே மீன்வள மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டிருந்தது. அடியோடு வாரிச் செல்லும் இழுவை வலைப் படகுகள் பெருகின. அவற்றுக்கும் சிறு மீனவர்களுக்கும் மூண்ட பகையைத் தணிக்க, 1981-இல் கடலையே பாகம் பிரித்தார்கள்: கரையிலிருந்து 5 கடல் மைல் வரை பாரம்பரியத் தொழிலாளர்களுக்கு, இழுவைப் படகுகள் அதற்கப்பால். தவுக்கேயிடம் கடன்பட்ட பாக் சூவின் பிள்ளைகள் அரசாங்க மானியத்தில் இயந்திரம் வாங்கினார்கள். பேரப்பிள்ளைகள் கடலை விட்டு அரசாங்க வேலைக்கும் தியோமான் விடுதிகளுக்கும் போனார்கள். 1994-இல் தீவுகளைச் சுற்றிய நீர்ப்பரப்பு கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, அங்கே மீன் பிடிப்பது தடையாயிற்று. கொப்பரைப் படகுகள் நின்ற துறையில் இப்போது முதுகுப் பையும் குளிர்கண்ணாடியுமாக உல்லாசப் பிரயாணிகள் வரிசையில் நிற்கிறார்கள். மலேசியாவின் ஆழ்கடல் படகுகளில் இன்று வேலை செய்வோரில் வியட்நாமியர் பலர் என்பது காலத்தின் விசித்திரம். இவ்வளவு மாறியும் ஒன்று மாறவில்லை: நாணயம் மிக்க அந்த ஆறு இன்றும் ஏற்றம் பார்த்துத்தான் வழிவிடுகிறது, அதிவேகப் படகின் கால அட்டவணையும் கடலின் சொற்படியே எழுதப்படுகிறது.

பி.டபிள்யூ.டி. லயம் இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டடங்கள். அங்கே வாழ்ந்த குடும்பங்கள் குளுவாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் கலைந்துவிட்டன. மலேசியத் தமிழர் என்றவுடன் பால்மரமும் தோட்டத்து லயமும் நினைவுக்கு வருவது நியாயமே. நம்மில் மிகப் பெரும்பாலோர் பட்ட பாடு அது. அகிலன் இங்கு வந்து பார்த்துவிட்டு எழுதிய நாவலுக்கும் 'பால்மரக் காட்டினிலே' என்றே பெயரிட்டார். ஆனால் மெர்சிங், எண்டாவ், குக்குப், பொந்தியான் என்று இந்த மாநிலத்தின் கரையோரங்களில் ரோடு போட்டவர்களாகவும், மளிகை விற்றவர்களாகவும், துணி வெளுத்தவர்களாகவும், ஆஸ்பத்திரியிலும் சுங்கத்திலும் கடைநிலை ஊழியம் பார்த்தவர்களாகவும் வாழ்ந்த தமிழர்களும் உண்டு. படகு அவர்களுடையது அல்ல. வலை அவர்களுடையது அல்ல. ஆயினும் கடல் கொடுத்ததைத் தின்று, கடல் மூடியபோது காத்திருந்து, தங்கள் இறந்தவர்களை அதே கடலிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் கதை எழுத்தில் வந்திருப்பது மிகச் சொற்பம்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் அப்படியொரு கரையோரத்து ஊரிலிருந்து வந்த பெரியவர் இருக்கக்கூடும். எந்தக் கடையில் எந்தச் சாமான் வாங்கினார்கள், யார் படகில் அஸ்தி போயிற்று, கிண்ணத்தில் எந்த வீட்டுக் குழம்பு வந்தது என்று இந்த வாரமே கேட்டு, இரண்டு பக்கமாவது தேதி போட்டு எழுதி வையுங்கள். அதற்குப் பெரிய இலக்கியத் திறமை தேவையில்லை. கேட்பதற்குப் பொறுமை இருந்தால் போதும்.